பச்சைச் சட்டைக்கு ஆறாவது இடம்

எக்ஸ்ரே அக்காவுக்குப் பயம் கூடவே பிறந்தது. பேருந்து நின்ற பிறகும் ஓட்டுநர் ஒருமுறை திரும்பிப் பார்த்தால்தான் படியில் கால் வைப்பார். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். மரவேலை செய்யும் அவர் கணவர், "உன்னக் கட்டிக்கிட்டதுல எனக்குக் காவல் நாய் வாங்குற வேலை மிச்சம்" என்று சொல்வது வழக்கம். அக்கா சிரிப்பார். சிரித்தபடியே நான்காவது தடவையும் இழுப்பார்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. வாரம் முழுக்க வயதானவர்களின் இடுப்பும் முழங்காலும் வரும். சனிக்கிழமை மட்டும் பிள்ளைகளின் எலும்பு. மைதானங்களில் ஆட்டம் நடக்கும் நாள் அது. பத்து மணிக்கு மேல் மணிக்கட்டு, கணுக்கால், விரல் என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். எந்தப் பிள்ளை எப்படி அழும் என்று அவருக்குத் தெரியும். அழாத பிள்ளையைக் கண்டால்தான் அவருக்குப் பயம்.

பதினொரு வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, தாடை உடைந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு வயது, ஹாக்கி கோல்கீப்பர். கூட வந்த பயிற்சியாளரிடம் ஆட்டம் என்ன ஆனது என்று அக்கா சும்மாதான் கேட்டார். பதினேழுக்குப் பூஜ்யம் என்றார் அவர். பதினேழு கோல் விழுகிற வரைக்கும் ஒரு பிள்ளையை எதிரே நிறுத்தி வைத்திருந்தீர்களா என்று கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. ஆனால் அடுத்த வாரமே, பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான அந்த லீக்கின் செயலாளரைத் தேடிப் போனார். செயலாளர் மருந்துக் கடை வைத்திருந்தார். யார் யாரோடு ஆடுவது என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பெயர்களைச் சீட்டில் எழுதி டப்பாவில் குலுக்கி எடுப்பதாகச் சொன்னார். குலுக்கலில் எல்லோரும் சமம், அதைவிட நியாயம் வேறென்ன என்பது அவர் வாதம். யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்குவதில் என்ன நியாயம் என்று அக்கா கேட்டார். அப்படியானால் நீங்களே பிரித்துக் கொடுங்கள் என்றார் செயலாளர். ஆழம் தெரியாமல் காலை விட்டது அப்படித்தான்.

அவர் அமைத்த முறை எளிமையானது. மொத்தம் இருபத்து நான்கு அணிகள். பருவம் தொடங்கியதும் மூன்று சனிக்கிழமைகள், வாரத்துக்கு இரண்டு குட்டி ஆட்டங்கள். போன வருடம் மேலே, நடுவே, கீழே இருந்தவர்களில் இரண்டிரண்டு அணிகளோடு ஒவ்வொரு அணியும் ஆடும். ஆறு ஆட்டத்தின் முடிவையும் வைத்து ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை வரிசைப்படுத்தி, எட்டெட்டாக மூன்று பிரிவாக வெட்டுவார். ஓர் ஆட்டத்தில் ஐந்து கோலுக்கு மேல் போட்டால் கூடுதல் கோலுக்கு மதிப்பில்லை. விழுந்து கிடப்பவர்களை மேலும் மிதிக்க யாருக்கும் ஆசை வரக்கூடாது என்பதற்காக. பிரித்த பிறகு பருவம் முழுக்கத் தன் பிரிவுக்குள்தான் ஆட வேண்டும். முதல் வருடமே பத்துக்கு மேல் கோல் விழுந்த ஆட்டம் ஒன்றுகூட இல்லை. செயலாளர் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

ஏழாம் விதி பின்னால் வந்தது. ஒரு பயிற்சியாளர், குட்டி ஆட்டங்களில் வேண்டுமென்றே தோற்கச் சொல்லித் தன் பெண்களை மூன்றாம் பிரிவுக்குள் இறக்கிவிட்டுக் கோப்பையை அள்ளிக்கொண்டு போனார். இன்னொருவர் மூன்று ஆட்டம் தோற்றதும் எங்களைக் கீழே இறக்குங்கள் என்று வந்து நின்றார். பெற்றோர்கள் மருத்துவமனை வரிசையிலேயே நின்று அக்காவைத் திட்டினார்கள். அரண்டுபோன அக்கா எழுதிய விதி அது: பிரித்தது பிரித்ததுதான், பருவம் முடியும்வரை எந்த அணியும் மேலேயும் போகாது, கீழேயும் வராது. அதற்குப் பிறகு நிம்மதியாக இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதுவரையான பதினொரு வருடத்தில் அக்கா ஓர் ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. சனிக்கிழமை வேலை என்பது ஒரு காரணம். பார்க்கப் பயம் என்பது இன்னொன்று. எல்லாவற்றையும் முடிவுத் தாள்களை வைத்தே செய்தார். தாளில் யாருக்கும் அடிபடுவதில்லை.

பதினொன்றாவது வருடம் பச்சைச் சட்டை அணியின் தாள் வந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று இரண்டு வெற்றி, மூன்று சமன், ஒரே ஒரு கோலில் ஒரு தோல்வி. அந்த அணி எப்போதும் மூன்றாம் பிரிவின் அடியில் கிடக்கும் அணி. போன வருடம் பலர் வயது தாண்டிப் போய்ப் புதிய பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். ஆறு ஆட்டத்தில் விழுந்தது இரண்டே கோல் என்றால் தேறிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். அக்கா அவர்களுக்கு ஆறாவது இடம் கொடுத்து முதல் பிரிவில் வைத்தார். வைத்துவிட்டு, பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டார்கூட.

முதல் பிரிவில் பச்சைச் சட்டை முதலில் மூன்று கோலில் தோற்றது. அடுத்ததில் நான்கு. புதிதாக மேலே வந்தவர்கள் தடுமாறுவது சகஜம், அதைப் பார்த்துப் பதற எதுவும் இல்லை.

இரண்டாவது தோல்விக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, மணிக்கட்டு வீங்கிய ஒரு பெண்ணை அவள் அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். அவர் சிமெண்ட் லாரி ஓட்டுபவர். பெண்ணுக்குப் பதின்மூன்று வயது, நெடுநெடுவென்று உயரம். பச்சைச் சட்டையின் கோல்கீப்பர். அணியில் அவளுக்குக் கதவு என்று பெயர். படம் எடுப்பதற்காகச் சட்டைக் கையை மேலே சுருட்டிய அக்கா, அதைத் தோள் வரைக்கும் ஏற்றிப் பார்த்தார். முழங்கைக்கு மேலே, கவசம் மறைக்காத இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. சில இடம் புதிதாகச் சிவப்பு, சில இடம் நீலம், சில இடம் பழுத்து மஞ்சள். மஞ்சள் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அது குட்டி ஆட்டங்கள் நடந்த நேரம்.

"எத்தன பந்துமா வந்துச்சு உனக்கு?"

"தெரியல ஆன்ட்டி. அப்பாதான் எண்ணுவார்."

அப்பா விரல்கணுவில் எண்ணுகிற ஆள். போன சனிக்கிழமை நாற்பத்தொன்று, அதில் நான்கு உள்ளே போனது என்றார். அதற்கு முன்னால் என்று அக்கா கேட்டார். குட்டி ஆட்டங்களிலும் அப்படித்தான், நேரம் குறைவு என்றாலும் இருபதுக்குக் குறைந்ததில்லை, ஒன்றுக்கு ஒன்று சமன் ஆன ஆட்டத்தில் இருபத்தாறு என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. எங்கள் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் போவதே இரண்டு மூன்று தடவைதான், எல்லாம் இவள் ஒருத்தி கை என்றார்.

எலும்பில் ஒன்றுமில்லை. அவர்கள் போன பிறகு அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். அவர் தாளுக்கு உள்ளே போன பந்து மட்டும்தான் தெரியும். தடுத்த பந்து தெரியாது. பதினோரு பேரின் பலம் என்று நினைத்து அவர் ஆறாவது இடம் கொடுத்தது ஒரே ஒரு பிள்ளையின் உடம்புக்கு.

அடுத்த சனிக்கிழமை வேலையை வேறொருவரிடம் மாற்றிக்கொடுத்துவிட்டு முதல் தடவையாக மைதானத்துக்குப் போனார். ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. சாமான் வைக்கும் தகரக் கொட்டகைக்குப் பின்னால் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். கால் கவசம் கட்டிய கதவு குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்பாட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி. சொன்னா நிறுத்திடுவார்."

"பயமா இருக்காமா?"

"ஆரம்பிக்கற வரைக்கும்தான்."

அன்றைக்கு அக்கா பாதி ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தார். பெனால்டி கார்னர் என்று நடுவர் கை காட்டும்போதெல்லாம் விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்தார். தாக்குகிற அணி பந்தைக் கோட்டிலிருந்து வெளியே தள்ளி, நிறுத்தி, ஓங்கி அடிக்கும். தடுக்கக் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்தே பேர். பச்சைச் சட்டைக்காரப் பிள்ளைகள் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கினார்கள். கதவு மட்டும் ஒதுங்கவில்லை. பந்து அவள் மேல் படும் சத்தம் பலகையில் ஆணி அடிப்பது போலக் கேட்டது. அன்றைக்கு ஐந்து கோல். அதைவிடப் பயங்கரமானது அட்டவணையில் இருந்தது: அடுத்த வாரம் நீலச் சட்டை. நீலச் சட்டையில் வெடி என்று ஒரு பெண் இருந்தாள். போன வருடம் அவள் அடித்த பந்தில் ஒரு கோல்கீப்பரின் இரண்டு விரல் ஒடிந்ததை அக்காவே படமெடுத்திருந்தார்.

திங்கட்கிழமை பச்சைச் சட்டையின் பயிற்சியாளரைப் பார்க்கப் போனார். அவருக்கு டயர் கடை. தண்ணீர்த் தொட்டியில் டியூப்பை அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டே அவர் அக்கா சொன்னதைக் கேட்டார். பிரிவு பிரித்ததில் தப்பு என்னுடையது, நீங்கள் எழுதிக் கொடுத்தால் கீழே இறக்கக் கேட்கிறேன் என்றார் அக்கா. டயர் கடைக்காரர் முடியாது என்றுவிட்டார். பத்து வருடமாக அடிமட்டத்தில் கிடந்த அணி, இப்போதுதான் பிள்ளைகள் பயிற்சிக்கு நேரத்துக்கு வருகிறார்கள், அப்பா அம்மாக்கள் வந்து நிற்கிறார்கள். மூன்று தோல்விக்கே தலையைக் குனிந்துகொண்டு கீழே போகச் சொல்ல அவருக்கு மனசில்லை.

மருந்துக் கடைக்குப் போனார். செயலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏழாம் விதியை நினைவுபடுத்தினார். "நீங்க எழுதினதுதானே அக்கா. ஒருத்தருக்குக் கதவத் திறந்துவிட்டா நாளைக்குப் பதினெட்டுப் பேரு வாசல்ல நிப்பாங்கன்னு சொன்னதும் நீங்கதான்." கூட்டத்தில் பேசிப் பார்க்கலாம், ஆனால் கூட்டம் அடுத்த மாதம்தான் என்றார் செயலாளர்.

அந்த வாரம் அக்காவுக்கு எதுவும் கையில் நிற்கவில்லை. ஒரு நோயாளியின் இடது காலுக்குப் பதில் வலது காலைப் படமெடுத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். கணவர் கேலியை நிறுத்திவிட்டார். ஒரு வாரம்தானே, அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, தாங்கிவிடும் என்று சமாதானம் சொன்னார். தாங்கும் என்பதுதான் அக்காவின் பயமே.

வெள்ளிக்கிழமை மதியம் கதவு மறுபடி வந்தாள். அதே மணிக்கட்டு, மறுபடி வீக்கம். அக்கா படம் எடுத்தார். எலும்பு சுத்தமாக இருந்தது. பணியில் இருந்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, சுளுக்குத்தான், கட்டுப் போட்டு அனுப்புங்கள், வலி இல்லையென்றால் நாளைக்கு ஆடலாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றார். அவருக்கு வெளியே பெரிய வரிசை நின்றது.

தாழ்வாரத்தில் லாரிக்காரரும் பெண்ணும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா அவர்கள் முன்னால் போய் நின்றார். சொல்ல வந்தது ஒன்று. வாயிலிருந்து வந்தது வேறு.

"சின்னதா ஒரு கீறல் மாதிரி தெரியுதுங்க. ரெண்டு வாரத்துக்கு ஆட வேணாம்னு டாக்டர் சொல்லச் சொன்னார்."

அப்பா தலையாட்டினார். கதவு தன் கையைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்காவுக்குப் படபடப்பு. பொய் சொன்ன பயம். ஆனால் அதற்கு அடியில் ஒரு பெரிய நிம்மதி. சனிக்கிழமை வேலைக்கு வந்தபோது, இரண்டு வாரத்தில் முதல் தடவையாக நிதானமாக வேலை செய்தார். நீலச் சட்டைக்கு எதிராகக் கோலில் யார் நிற்பார்கள் என்ற கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை. பின்னால் எத்தனையோ தடவை அதை யோசித்துப் பார்த்திருக்கிறார். உண்மையாகவே தோன்றவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைச் சட்டை. அணியிலேயே சின்னவள், பொடி என்று கூப்பிடுவார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. டயர் கடைக்காரர் பின்னால் வந்தார், அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் துண்டு துண்டாகச் சொன்னது இதுதான். கதவு இல்லை என்றதும் வேறு யாரும் கவசம் போட முன்வரவில்லை. பொடிதான் நான் நிற்கிறேன் என்றாள். கவசமெல்லாம் கதவின் அளவு. மார்புக் கவசம் தோளில் நிற்காமல் தொங்கியது, பின்பக்கம் கயிறு போட்டு இறுக்கினார்கள். இருபத்தெட்டு நிமிடத்தில் பதினோரு கோல். ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று அவர் எழுந்தபோது மறுபடி பெனால்டி கார்னர். வெடி அடித்தாள். கவசம் சரிந்திருந்த இடத்தில் பந்து பட்டது.

அக்காவே படம் எடுத்தார். கழுத்தெலும்பு இரண்டாக உடைந்து, ஒரு முனை தோலை முட்டிக்கொண்டு நின்றது.

வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் அணி முழுவதும் நின்றது. கதவும் இருந்தாள், கையில் அக்கா போட்ட கட்டோடு. அவள் அப்பாவும் இருந்தார். கதவு நேராக அக்காவிடம் வந்தாள்.

"என் கை நல்லாத்தான இருக்கு?"

அக்கா "நல்லாத்தான்மா இருக்கு" என்றார்.

"அப்போ நான் நின்னிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கட்டை அங்கேயே அவிழ்த்துப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். லாரிக்காரர் பெண்ணின் பின்னால் போனார்.

அக்கா அந்த மதியமே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னார். டாக்டர் முதலில் நம்பவில்லை. பிறகு மேலிடத்துக்கு எழுதினார். விசாரணை முடிந்து, மூன்று மாதம் நோயாளிகளைத் தொடக்கூடாது என்று சொல்லி, பழைய படங்களை அடுக்கும் அறைக்கு அக்காவை மாற்றினார்கள். வேலையை விட்டே போகச் சொல்வார்கள் என்று பயந்திருந்தவர் அதைக் கேட்டு அழுதுவிட்டார்.

லீக்கின் கூட்டத்தை அடுத்த புதன்கிழமைக்கே கூட்டினார்கள். ஒரு பள்ளி வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் இருபத்து நான்கு பயிற்சியாளர்களும் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். பொடியின் அம்மா முன்வரிசையில் இருந்தார். தையல் ஆலையில் வேலை செய்பவர், வேலைச் சட்டையோடு வந்திருந்தார். அக்காவுக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்: தாளை மட்டும் பார்த்து ஆறாவது இடம் கொடுத்ததை, தப்பு என்று தெரிந்ததை, தாழ்வாரத்தில் சொன்ன பொய்யை. கையில் விசில் வைத்திருந்த ஒருவர் அதை மெல்ல மேசையில் வைத்தார்.

பொடியின் அம்மா உட்கார்ந்தபடியே சொன்னார்: "உங்க பயத்தத் தூக்கி எம் பொண்ணு தோள்ல இறக்கி வச்சிட்டீங்க."

அக்கா ஆமாம் என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அதைச் சொல்லாமலே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

டயர் கடைக்காரர் எழுந்து, கீழே இறக்கக் கேட்டபோது மறுத்தது நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள் என்றார். பச்சைச் சட்டையை இரண்டாம் பிரிவுக்கு இறக்க முடிவானது. கதவை வைத்துக்கொண்டு இவர்கள் எங்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு போவார்களா என்று இரண்டாம் பிரிவுக்காரர் ஒருவர் கேட்டார். அந்த வருடம் அவர்கள் கோப்பைக்கு ஆட மாட்டார்கள் என்று தீர்த்தார்கள். ஏழாம் விதியும் மாறியது. பிரித்த மூன்றாம் வாரம் ஒருமுறை எல்லா அணிகளையும் நேரில் பார்த்து, மேலே கீழே மாற்றலாம். குட்டி ஆட்டங்களில் கோலை மட்டுமல்லாமல், கோலை நோக்கி வந்த ஒவ்வொரு பந்தையும் எண்ண இரண்டு பேர் உட்கார வேண்டும்.

அத்தோடு பிரிக்கும் வேலையிலிருந்து அக்கா விலகிக்கொண்டார். பொடியின் எலும்பு ஒன்பது வாரத்தில் கூடியது. அவள் திரும்ப ஆட வந்தாள், இடது ஓரத்தில் ஓடும் இடத்துக்கு. கவசத்தை மட்டும் மறுபடி தொடவில்லை. இரண்டாம் பிரிவில் கதவுக்கு ஆட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பந்துதான் வந்தது. ரொம்பச் சலிப்பாக இருக்கிறது என்று அவள் வீட்டில் புலம்புவதாக லாரிக்காரர் யாரிடமோ சொன்னாராம். அக்காவோடு அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. வயது தாண்டி லீக்கை விட்டுப் போகும் வரைக்கும் பேசவில்லை.

அடுத்த வருடம் செயலாளர் வீடு தேடி வந்து அக்காவை மறுபடி அழைத்தார். இனி எனக்குத் தைரியம் இல்லை என்றார் அக்கா. எப்போது இருந்தது என்று கணவர் உள்ளேயிருந்து கேட்டார். இன்னும் இரண்டு பேரைக் கூடச் சேர்ப்பதாக இருந்தால் வருகிறேன் என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

இப்போது மூன்று பேர் சேர்ந்து பிரிக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பாதியை அக்கா மைதானத்தில் கழிக்கிறார். இந்தப் பருவம் புதிதாக ஓர் அணி வந்தது, யாருக்கும் முன்பின் தெரியாத பிள்ளைகள். மூன்று தடவை போய்ப் பார்த்தும் அவர்களை முதல் பிரிவில் வைப்பதா இரண்டாம் பிரிவில் வைப்பதா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. மற்ற இருவரும் அவசரப்படுத்த, இரண்டாம் பிரிவு என்று எழுதினார். முதல் ஆட்டம் நடந்த அன்று அவருக்கு மருத்துவமனையில் வேலை. பதினோரு மணிக்குச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, மூன்றுக்கு இரண்டு என்றார். யார் ஜெயித்தார்கள் என்று அக்கா கேட்கவில்லை. இரண்டு கோல்கீப்பர்களும் தாங்களாக நடந்துதானே வீட்டுக்குப் போனார்கள் என்று கேட்டார்.